ஒன்பதாம் நம்பர்க்காரர்

ஒன்பதாம் நம்பர் அறைக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் வெள்ளியங்கிரி மூன்று தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். 'ரூமைக் காலி பண்ணிக் குடுத்துருங்க சார்.' ஏறி வந்த பதினெட்டுப் படிகளிலும் அதைச் சொல்லிப் பார்த்திருந்தார். பதினெட்டாவது படியில் நன்றாகவே வந்தது.

கதவு திறந்தது.

"வாங்க மேனேஜர், வாங்க வாங்க. உக்காருங்க. இப்பத்தான் காப்பி கலக்குனேன்" என்றார் வெங்கடபதி.

அங்கேயே பாதி போயிற்று. ஒருவர் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே காலி பண்ணச் சொல்ல முடியுமா? குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று வெள்ளியங்கிரி டம்ளரை வாங்கிக்கொண்டார். குடித்து முடித்ததும் ஏதாவது பேசியாக வேண்டுமே. தலைக்கு மேலே மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"ஃபேன் ரொம்ப சத்தம் போடுதுங்களே" என்றார்.

"அது கெடக்குதுங்க. பழகிப்போச்சு."

"அதெப்படிங்க. மாத்திப்போடலாங்க."

அன்று சாயங்காலமே ஒன்பதாம் நம்பருக்குப் புது மின்விசிறி மாட்டியாயிற்று. மூன்று வாரத்தில் காலியாக வேண்டிய அறை அது.

கோயமுத்தூரில் பிறந்தவருக்கு 'வாங்க' என்று சொல்ல நூறு விதம் தெரியும். 'போங்க' என்று சொல்ல ஒரு விதமும் தெரியாது. போகிறவர்கூட 'வாரேனுங்க' என்று சொல்லிவிட்டுத்தான் போவார். இப்படிப்பட்ட ஊரில் ஒரு லாட்ஜைக் காலி செய்யும் வேலையை, இருப்பவர்களிலேயே அதிகம் கூச்சப்படுகிற மனிதரிடம் கொடுத்திருந்தார்கள்.

சௌபாக்ய விலாஸ் லாட்ஜ் ராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் தொண்ணூறு வருஷமாக நிற்கிறது. பஞ்சு வாங்க வந்த வியாபாரிகள் தங்குவதற்காகக் கட்டியது. தேக்குப் படிக்கட்டு, ஜன்னலுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி, சாணை பிடித்தது போல வழுவழுக்கும் சிவப்புத் தரை. பிறகு பஸ் நிலையத்தைச் சுற்றி ஏசி லாட்ஜுகள் வந்தன. பழசு என்று சொல்லி ஒவ்வொருவராகப் போனார்கள். பதினோரு அறைகளில் மிஞ்சியது ஒரே ஒருவர், வெங்கடபதி.

இப்போது கட்டியவரின் கொள்ளுப்பேரன் அருள்குமார், மோட்டார் பம்ப் கம்பெனி வைத்திருப்பவர், அந்தக் கட்டடத்தைப் பழையபடியே புதுப்பிக்கப்போகிறார். கீழே காப்பிக் கடையும் சென்னிமலைப் போர்வைக் கடையும், மேலே பதினோரு அறைகளில் ஓட்டல். நிலோஃபர் என்ற கட்டடக் கலைஞர் வந்து தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, தேக்கு இன்னும் நூறு வருஷம் தாங்கும் என்று சொல்லியிருந்தார். பழசு என்று போனவர்களெல்லாம் இனிமேல் பழசு என்பதற்காகவே வருவார்களாம். வெள்ளியங்கிரிக்கு இது விளங்கவில்லை. தனக்கும் ஐம்பத்தாறு ஆகிறது, தன்னை அப்படித் தேடி யாரும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு நல்லது நடந்திருந்தது. அருள்குமார் அவரைக் கூப்பிட்டு, "வெள்ளியங்கிரிண்ணா, ஆனி முடியறதுக்குள்ள அந்த ரூமை மட்டும் காலி பண்ணிக் குடுங்க. புது ஓட்டல்ல ஃப்ரண்ட் ஆபீஸ் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். சொன்னதோடு நிற்காமல் தையல்காரரை வரவழைத்து அளவும் எடுக்கச் சொன்னார். கறுப்புக் கோட்டு தைத்து வந்துவிட்டது. ஆபீஸ் அறை ஆணியில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கியது.

வெள்ளியங்கிரியின் அப்பா பேரூர்ப் பக்கம் தோட்டம் தோட்டமாகக் கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர். சாகும்வரை முதலாளி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மகன் இருபத்தேழு வருஷமாக ஒரு மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த நாற்காலியை விட்டு இறங்கினால் இந்த வயதில் வேறொன்று கிடைக்காது. தினமும் காலையில் கோட்டை உறையோடு ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார். பயம்தான் வரும்.

ஆனியில் இன்னும் இரண்டு தடவை மாடியேறினார். ஒரு தடவை தலையணை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். இன்னொரு தடவை வெங்கடபதியின் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆடி பிறந்துவிட்டது.

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். மாறச் சொல்வதும் பாவம். அருள்குமாரின் அம்மா குழந்தையம்மாளே அதைத் தடுத்துவிட்டார். ஆடியில் ஒருத்தரை வெளியே அனுப்பிப்போட்டு ஆரம்பிக்கிற தொழில் விளங்குமா என்று கேட்டாராம். ஆவணி வரை தவணை கிடைத்தது. வெள்ளியங்கிரி அந்த ஒரு மாதம்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

"உங்க வாயில என்ன கொழுக்கட்டையாங்க?" என்று கேட்டாள் மனைவி மாசாணியம்மாள். கொங்கு நாட்டில் புருஷனைத் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். "ஒரே ஒரு வார்த்தை. சொல்லிப்போட்டு வாங்க."

"பாவம் புள்ள அந்த மனுசன். எழுவத்தி நாலு வயசு. பொண்டாட்டி போயிட்டா. மகளும் சேர்த்துக்கலை. எங்கதான் போவாரு?"

இதுதான் வெள்ளியங்கிரியைச் சொல்லவிடாமல் தடுத்த விஷயம். வெங்கடபதி நூல் தரகர். சோமனூர்த் தறிகளுக்கு நூல் பேசி முடிப்பதற்காக அந்த அறையை மாத வாடகைக்கு எடுத்தவர். தரகு நின்று ஆறு வருஷமாயிற்று, அறையை விடவில்லை. காரமடையில் மகள் லோகப்பிரியா சொந்த வீட்டில் இருக்கிறாள். எப்போதாவது டிபன் கேரியரோடு வருவாள். வந்தால் வெள்ளியங்கிரியை மேலும் கீழும் பார்ப்பாள். "சௌக்கியங்களா அம்மணி?" என்று கேட்டால், "இருக்கறோமுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மேலே போவாள். சற்று நேரத்தில் மேலே சத்தம் கேட்கும். இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே போவாள்.

பெற்ற அப்பனை லாட்ஜில் விட்டுவிட்டு, வந்த இடத்திலும் சண்டை போட்டுவிட்டு, நம்மையும் முறைத்துவிட்டுப் போகிறாளே என்று வெள்ளியங்கிரி கொதிப்பார். அந்தக் கொதிப்பில் வெங்கடபதிக்கு ஒரு கொசுவத்தியாவது வாங்கிக் கொடுப்பார்.

ஆவணியில் வேலை தொடங்கியது. முதலில் பழைய தண்ணீர்க் குழாய்களைப் பிடுங்கினார்கள். மேல் மாடிக்குச் சொட்டுத் தண்ணீர் ஏறாது. வெள்ளியங்கிரிக்கு உள்ளுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம். வாயால் சொல்லாததைக் குழாய் சொல்லிவிடும்.

மறுநாள் காலை வெங்கடபதி வாளியோடு படியிறங்கி வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு தரம் நின்று நின்று வந்தார். கீழ்த் தொட்டியில் மொண்டு மறுபடி ஏறத் தொடங்கினார்.

வெள்ளியங்கிரி மூன்று படி வரை பொறுத்தார். நாலாவது படியில் ஓடிப்போய் வாளியைப் பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து காலையில் இரண்டு வாளி, சாயங்காலம் இரண்டு வாளி, அவரே சுமந்தார். பத்து நாளில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. வெங்கடபதி தைலம் கொடுத்தார். தானே தேய்த்தும் விட்டார்.

"எனக்காக இவ்வளவு சிரமப்படறீங்களேங்க" என்றார் தேய்த்துக்கொண்டே. "ஒண்ணு சொல்றேன் மேனேஜர். ஒரு ஆளாவது தங்கியிருந்தாத்தானுங்க இது லாட்ஜு. நான் இருக்கற வரைக்கும் நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க."

குப்புறப் படுத்திருந்த வெள்ளியங்கிரிக்கு அழுகை வந்தது. கவலையே நீங்கள் இருப்பதுதான் என்று தலையணையிடம் மட்டும் சொல்லிக்கொண்டார்.

வாயும் வரவில்லை, குழாயும் உதவவில்லை. மூன்றாவதாக ஒரு யோசனை வந்தது. செய்தித்தாளில் வாடகைக்கு விடும் பகுதியில் ஒரு விளம்பரத்தைச் சிவப்பு மையால் வட்டம் போட்டார். வடவள்ளியில் தனி அறை, கீழ்த்தளம், வயதானவர்களுக்கு ஏற்றது. தாளை ஒன்பதாம் நம்பர் மேசையில் மறந்து வைத்தது போல வைத்துவிட்டு வந்தார்.

ஒரு மணி நேரத்தில் வெங்கடபதி தாளோடு இறங்கி வந்தார்.

"ஏனுங்க மேனேஜர், ஊடு பார்க்கறீங்களா? உங்களுக்குங்களா?"

'இல்லீங்க, உங்களுக்குத்தான்' என்பது சரியான பதில். அது நாக்கு நுனி வரை வந்தது.

"ஆமாங்க" என்றார் வெள்ளியங்கிரி.

வெங்கடபதியின் முகம் தொங்கிப்போயிற்று. "ஊட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாருங்களா?"

"அ... ஆமாங்க."

"அட பாவமே. இப்படி இருக்கற மனுசன் மூஞ்சியப் பார்த்துக் காலி பண்ணுன்னு சொல்றதுக்கு எப்படீங்க அவனுக்கு மனசு வந்துச்சு?"

இதற்கு மேல் அந்த வாக்கியத்தை எப்படிச் சொல்வது? வெள்ளியங்கிரி தலையைக் குனிந்துகொண்டார். அதோடும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெங்கடபதி அந்த முட்டியை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வடவள்ளி போய், வெள்ளியங்கிரிக்காக அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்தார். உப்புத் தண்ணீர், உங்கள் குடும்பத்துக்கு ஒத்து வராது என்று வருத்தமாகச் சொன்னார்.

புரட்டாசி வந்தது. புரட்டாசியிலும் வீடு மாறக்கூடாது. ஆனால் ஒரே கட்டடத்துக்குள் அறை மாறினால் அது வீடு மாறியதாகாது என்று வெள்ளியங்கிரியே ஒரு சாத்திரம் கண்டுபிடித்தார். கண்டுபிடிக்காமல் வழியில்லை, நிலோஃபருக்கு ஒன்பதாம் நம்பர் வேண்டியிருந்தது. தெருவைப் பார்த்த பெரிய அறை அதுதான். அதைத்தான் மாதிரி அறையாக முதலில் முடிக்க வேண்டுமாம்.

வெங்கடபதி மறுபேச்சுப் பேசவில்லை. கட்டிலுக்கடியில் அவருடைய தகரப் பெட்டி கயிறு போட்டுக் கட்டி எப்போதும் தயாராகத்தான் இருந்தது. தரகர் புத்தி, எந்த நேரமும் புறப்படுகிற மாதிரியே வைத்திருப்பார் போலும் என்று நினைத்துக்கொண்டே வெள்ளியங்கிரி பெட்டியைத் தூக்கினார். ஒன்பதிலிருந்து நான்குக்குப் போனார்கள். நான்கில் கூரை ஓட்டைப் பிரித்ததும் பதினொன்றுக்குப் போனார்கள். பதினொன்றில் தரையைப் பெயர்த்ததும் இரண்டுக்கு. போன இடமெல்லாம் வேலை நின்றது. பூசியவர்கள் பூச்சை விட்டுவிட்டு மரத்துக்கு வந்தார்கள், மரத்துக்காரர்கள் மரத்தை விட்டுவிட்டுத் தூங்கினார்கள்.

"அண்ணா, நான் கீழேயிருந்து மேலே பிளான் போட்டா, நீங்க அவரை மேலேயிருந்து கீழே சுத்த விடறீங்க" என்றார் நிலோஃபர். "ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்கண்ணா. இல்லைன்னா நான் சொல்லவா?"

"ஐயோ, நீங்க சொல்லிப்போடாதீங்க மேடம். வெடுக்குன்னு இருக்கும். நானே பதமாச் சொல்றேனுங்க."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடு பிரித்த அறைகளெல்லாம் ஒழுகின. கட்டடத்திலேயே நனையாத அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. புதுச் சுண்ணாம்புப் பூச்சும், எண்ணெய் பூசிய தேக்கும், துடைத்து மாட்டிய வண்ணக் கண்ணாடியுமாக ஒன்பதாம் நம்பர் முடிந்திருந்தது. இரண்டாம் நம்பரில் வெங்கடபதி குடை பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்ததை வெள்ளியங்கிரி பார்த்தார். அதைப் பார்த்த பிறகு அவர் செய்ததை யாராயிருந்தாலும் செய்திருப்பார்கள். ஒரு ராத்திரிக்கு மட்டும் என்று சொல்லிப் பெட்டியை ஒன்பதாம் நம்பருக்கே தூக்கிக்கொண்டு போனார். வெங்கடபதி நாள்காட்டி மாட்ட இடம் தேடியதும், சுத்தியலை எடுத்துவந்து புதுப் பூச்சில் ஆணியும் அவரே அடித்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை, முன்கூட்டிச் சொல்லாமல், அருள்குமார் ஐந்து பேரோடு மாதிரி அறையைப் பார்க்க வந்தார். நான்கு பேர் ஓட்டல் நடத்தும் கம்பெனிக்காரர்கள், ஒருவர் புகைப்படக்காரர். வெள்ளியங்கிரி படியில் ஓடியபோது இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவர் போய்ச் சேர்வதற்குள் கதவு திறந்துவிட்டது.

வண்ணக் கண்ணாடி வழியாகச் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் விழுந்த இடத்தில் கொடி கட்டியிருந்தது. கொடியில் இரண்டு பனியன்களும் ஒரு கோவணத் துணியும் காய்ந்தன. கீழே வெங்கடபதி ஸ்டவ்வில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க" என்று எழுந்தார் அவர். "மழையில வந்திருக்கறீங்க. உக்காருங்க. ஆறு பேருங்களா? காப்பி வச்சுப்போடறேன்."

கம்பெனிக்காரர்களில் ஒருவர், பெரியவரும் அறையோடு சேர்த்தியா என்று அருள்குமாரிடம் மெதுவாகக் கேட்டார். அருள்குமாரின் காது சிவந்தது. அந்த நிமிஷம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலரை மாதச் சிக்கல் தீர்ந்திருக்கும். ஆனால் அவரும் இந்த ஊர்க்காரர்தானே.

"இருங்க இருங்க, நீங்க எந்திரிக்காதீங்க ஐயா" என்றார் கையைக் கூப்பி. காப்பியும் குடித்தார்.

காரில் எல்லாரையும் ஏற்றி அனுப்பிவிட்டு ஆபீஸ் அறைக்கு வந்தார். வெள்ளியங்கிரி நின்றுகொண்டிருந்தார். இருபத்தேழு வருஷத்தில் அந்த நாற்காலிக்குப் பின்னால் அவர் நின்றது அன்றுதான்.

"ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்கண்ணா" என்றார் அருள்குமார், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஊட்டுல இருந்து ரெஸ்ட் எடுங்க."

"எத்தனை நாளைக்குங்க?"

அருள்குமார் சற்று யோசித்தார். "நெறைய நாளைக்குங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கேட்டிருக்கலாம். இவ்வளவு மரியாதையாகச் சொன்னதை என்ன செய்வது? வெள்ளியங்கிரி சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். சாஹில் என்று ஒரு பையன், கேட்டரிங் படித்தவன், ஒரு வாரமாகவே கீழே வந்து போய்க்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கோட்டு உறை வெறுமையாக ஆணியில் தொங்கியது. வாசலில் சாஹில் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். தோளில் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. மற்றபடி பொருத்தம்தான்.

மாசாணியம்மாளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே, சொல்லாமல் போகக்கூடாதே என்று கடைசியாக ஒரு தடவை மாடியேறினார். பதினெட்டுப் படி. இந்த முறை ஒத்திகை எதுவும் தேவைப்படவில்லை.

"நான் கிளம்பறேனுங்க சார். நாளையிலிருந்து வரமாட்டேன்."

வெங்கடபதி ஸ்டவ்வை அணைத்தார். "லீவுங்களா?"

"இல்லீங்க. வேலை இல்லீங்க இனிமே."

"எப்பவுமேங்களா?"

"எப்பவுமேதானுங்க."

வெங்கடபதி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. கிழவரின் கண் நிறைந்துபோனதை வெள்ளியங்கிரி பார்த்தார். உலகத்திலேயே எனக்காகக் கலங்க இவர் ஒருவர்தான் இருக்கிறார் என்று தோன்றியது.

"நம்மளால ஆனதப் பார்த்தமுங்க" என்றார் வெங்கடபதி. "செரிங்க. அப்ப நானும் கிளம்பறேன்."

"அய்யோ, நீங்க எதுக்குங்க? எனக்காக நீங்க போக வேண்டாங்க" என்று பதறினார் வெள்ளியங்கிரி. நாலரை மாதமாக என்ன நடக்க வேண்டும் என்று காத்திருந்தாரோ, அதைத் தன் வாயாலேயே தடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருக்கு அது தோன்றவில்லை.

வெங்கடபதி கேட்கவில்லை. மகளுக்குப் போன் போட்டு ஒரே வார்த்தை சொன்னார். கொடியை அவிழ்த்தார், நாள்காட்டியைச் சுருட்டினார். அவ்வளவுதான் வேலை. பெட்டிதான் கட்டியே இருந்ததே.

ஒன்றரை மணி நேரத்தில் லோகப்பிரியாவின் கார் சந்துக்குள் வந்தது. மழையில் வெள்ளியங்கிரிதான் பெட்டியைத் தலையில் வைத்துப் படியிறங்கினார். ஒன்பதாம் நம்பர் காலியாகிவிட்டது. ஓடிப்போய் அருள்குமாரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். வாசலில் சாஹில் கோட்டோடு நின்று, "வாங்க சார், வாங்க மேடம்" என்று குனிந்து பழகிக்கொண்டிருந்தான். நினைப்பை விட்டுவிட்டார்.

வெங்கடபதி காருக்குள் ஏறி, கண்ணாடியை இறக்கி, அவர் கையைப் பிடித்து, "வாரேனுங்க மேனேஜர்" என்றார்.

வெள்ளியங்கிரிக்குப் பொறுக்கவில்லை. தன் பிழைப்புத்தான் போயிற்று, இந்தக் கிழவராவது நன்றாக இருக்கட்டும் என்று, பின்கதவை அடைத்துக்கொண்டிருந்த லோகப்பிரியாவிடம் போனார். ஆயுசிலேயே முதல் தடவையாக ஒருவரிடம் வெடுக்கென்று பேசினார்.

"ஏனம்மணி, இத்தனை வருசமா அப்பாவை லாட்ஜுல உட்டுப்போட்டீங்க. இனிமேலாச்சும் ஊட்டோட வச்சுப் பார்த்துக்குங்க."

லோகப்பிரியா எப்போதும் போல அவரை மேலும் கீழும் பார்த்தாள். நனைந்த சட்டையையும், பெட்டி சுமந்த தலையையும் பார்த்தாள். இந்தத் தடவை மட்டும் முறைப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

"அப்பாவுக்குன்னு கீழ ரூம் கட்டி மூணு வருசமாச்சுங்க. எப்ப வந்து கூப்புட்டாலும் ஒரே பதிலுதானுங்க: 'நான் காலி பண்ணிப்போட்டா அந்த மேனேஜருக்கு வேலை போயிருமே கண்ணு.'"